‘தாத்தாவுக்குக் குளிராதா?’: குழந்தைகள் மரணத்தைப் புரிந்துகொள்ளும் விதம்

சாவு நிகழ்ந்த வீட்டில் குழந்தைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பி டிவியைப் போட்டுவிடுவார்கள். அல்லது தாத்தா சாமியிடம் போய்விட்டார், ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார், நட்சத்திரமாகிவிட்டார் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சமாளிப்பார்கள். குழந்தையே வாய்விட்டுக் கேட்டுவிட்டால் ‘அபசகுனமாகப் பேசாதே, வாயைக் கழுவு’ என்று ஓர் அதட்டல். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: குழந்தைக்குச் சாவு புரியாது, புரிந்தால் பயந்துவிடும்.

இதன் முதல் பாதி அரைகுறை உண்மை. இரண்டாம் பாதி பெரும்பாலும் தவறு. உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்ததில் தெரிய வந்தது இது: மரணம் என்ற கருத்து ஒரே நாளில் மொத்தமாக விளங்குவதில்லை. அது சில துண்டுகளால் ஆனது. துண்டுகள் வெவ்வேறு வயதில் வந்து சேர்கின்றன. நாம் சொல்லும் சொற்கள் சில சமயம் அதற்கு உதவுகின்றன, பல சமயம் குறுக்கே நிற்கின்றன.

போனதெல்லாம் திரும்பி வரும் உலகம்

மூன்று வயதுக் குழந்தைக்கு, போவது என்றால் திரும்பி வருவது என்றும் பொருள். கரண்ட் போனதும் மின்விசிறி நின்றுவிடுகிறது, டிவி அணைந்துவிடுகிறது, வீடு இருட்டாகிவிடுகிறது. ஆனாலும் யாரும் அழுவதில்லை. பாட்டி விசிறிமட்டையைத் தேடுகிறார், ‘இப்போது வந்துவிடும்’ என்கிறார், வந்தும் விடுகிறது. காலையில் வேலைக்குப் போகும் அம்மாவும் இப்படித்தான் திரும்பி வருகிறாள். இந்த அனுபவத்தை மட்டுமே வைத்திருக்கும் குழந்தையிடம் ‘தாத்தா போய்விட்டார்’ என்று சொன்னால், ‘எப்போது வருவார்?’ என்றுதான் அது கேட்கும். காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகும், அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் போய் ‘இன்னுமா வரவில்லை?’ என்று கேட்கும். அதைக் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. தன்னிடம் இருக்கும் தகவலை வைத்துச் சரியாகவே யோசித்துக் கேட்கிறது.

இந்தத் துறையில் ஆரம்பக்கால ஆய்வுகளில் ஒன்றைச் செய்தவர் ஹங்கேரியைச் சேர்ந்த மரியா நாஜ். புடாபெஸ்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 3 முதல் 10 வயது வரையான 378 குழந்தைகளைப் பேசவைத்தும், எழுதவும் வரையவும் வைத்தும் திரட்டிய முடிவுகள் 1948-இல் வெளியாயின. மிகச் சிறிய குழந்தைகள் மரணத்தை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ விவரித்தார்கள். ஐந்து வயதைத் தாண்டியவர்களில் பலர் அதை ஆளாக்கினார்கள்: யாரோ ஒருவன் வந்து பிடித்துக்கொண்டு போகிறான், கெட்டிக்காரனாக இருந்தால் தப்பித்துவிடலாம். ஏறத்தாழ ஒன்பது வயதுக்குப் பிறகுதான், இது எல்லா உயிருக்கும் நேர்வது என்ற எண்ணம் தெளிவாக வந்தது. எருமை மேல் பாசக்கயிற்றோடு வரும் எமன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நடுக்கட்டம் விநோதமாகத் தெரியாது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் ஆய்வு செய்தவர்கள் அந்த ‘ஆளை’ அவ்வளவு பரவலாகப் பார்க்கவில்லை. வயதுக் கணக்கும் கீழே இறங்கியது. ஆகவே நாஜின் கட்டங்களை வாய்பாடுபோல மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான்கு துண்டுகள்

மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரெண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1984-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். ‘குழந்தைக்கு மரணம் புரியுமா?’ என்ற கேள்வியை மூன்றாக உடைத்தது அதன் பயன். மற்ற ஆய்வாளர்கள் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதலாவது, மீளாமை: இறந்த உடல் மறுபடி உயிர் பெறாது. இரண்டாவது, இயக்கம் நின்றுபோதல்: இறந்த உடல் பார்க்காது, கேட்காது, மூச்சு விடாது, அதற்குப் பசிக்காது, வலிக்காது. மூன்றாவது, பொதுமை: உயிருள்ள எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள், அம்மாவும் நானும் உட்பட. நான்காவது, காரணம்: உடல் இனி வேலை செய்ய முடியாத நிலைக்கு வருவதால்தான் மரணம் நேர்கிறது.

பெரும்பாலான குழந்தைகளிடம் முதல் மூன்றும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் வந்துவிடுகின்றன என்பது அந்தத் தொகுப்பு சொன்ன செய்தி. மீளாமை பொதுவாக முன்னால் வரும். காரணம் கடைசியில் வரும்.

இவற்றில் பெரியவர்கள் கவனிக்கத் தவறுவது இரண்டாவது. ஒரு துக்க வீட்டில் பார்த்தது. கூடத்தில் ஐஸ் பெட்டி, அதைச் சுற்றி நாற்காலிகள், மாலைகள் குவிந்து கிடந்தன. ஐந்து வயதுப் பேத்தி பெட்டியின் கண்ணாடி மூடியில் படிந்திருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்துவிட்டு, ‘தாத்தாவுக்குக் குளிராதா? மேலே எதையாவது போர்த்துங்கள்’ என்றாள். உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் விம்மி அழுதார்கள். ஒருவர் அவளை வெளியே தூக்கிக்கொண்டு போனார். பதிலை யாரும் சொல்லவில்லை.

தாத்தா இறந்துவிட்டார் என்பது அந்தச் சிறுமிக்குத் தெரியும். திரும்பி வரமாட்டார் என்றும் சொல்லியிருந்தார்கள். இறந்த உடலுக்குக் குளிர் தெரியாது என்ற துண்டு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வாய்க்கரிசி போடும்போது ‘எப்படி மெல்லுவார்?’ என்று கேட்கும் குழந்தைக்கும், ‘சுடுகாட்டில் நெருப்பு வைத்தால் சுடாதா?’ என்று இரவெல்லாம் மருகும் குழந்தைக்கும் சிக்கல் இதே இடத்தில்தான். குழந்தையை உண்மையில் வாட்டுவது பல நேரங்களில் பிரிவைவிட இதுதான்: அன்பான ஒருவரைப் பெட்டிக்குள் அடைத்து, குளிரவிட்டு, பிறகு கொளுத்தவும் போகிறார்கள், அவரோ வாய் திறக்க முடியாமல் படுத்திருக்கிறார்.

சுருக்கமாக: ‘புரியுமா, புரியாதா?’ என்று கேட்பதைவிட, எந்தத் துண்டு வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பார்ப்பது பயன் தரும். குழந்தை கேட்கும் கேள்வியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

துண்டுகளை ஒட்டவைப்பது எது?

இனி இயங்குமுறைக்கு வருவோம். சிறு குழந்தை உயிரை அசைவோடு சேர்த்தே பார்க்கிறது. சூரியன் நகர்கிறது, ஆறு ஓடுகிறது, ஆகவே அவற்றுக்கு உயிர் உண்டு. மரம் நின்ற இடத்தில் நிற்கிறது, அதற்கு உயிர் இருக்கிறதா என்பது சந்தேகம். உயிர் என்றால் என்ன என்பதே இப்படிக் கலங்கலாக இருக்கும்போது, உயிர் போவது என்றால் என்ன என்பது எப்படி விளங்கும்? குழந்தைகளிடம் உயிரியல் அறிவு எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் சூசன் கேரி 1985-இல் முன்வைத்த வாதத்தின் மையம் இதுதான். மரணத்தைப் பற்றிய அறிவு தனியாக வளர்வதில்லை. உடலைப் பற்றிய அறிவோடு ஒட்டிக்கொண்டு வளர்கிறது.

ஜப்பானில் கயோகோ இனாகாகியும் கியோ ஹதானோவும் இதற்கு அடுத்த படியைக் காட்டினார்கள். ஐந்து, ஆறு வயதில் குழந்தைகளிடம் ஓர் எளிய உடலியல் கோட்பாடு முளைக்கிறது. சோற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் உடலுக்குள் ஒரு சக்தி போகிறது, அந்தச் சக்தியால்தான் நடக்கிறோம், வளர்கிறோம், நோயை எதிர்க்கிறோம் என்பது அது. இதை உயிராற்றல் எண்ணம் என்று சொல்லலாம். அறிவியல் தேர்வில் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் மரணத்தைப் புரிந்துகொள்ள இதுவே போதும். இதயமும் நுரையீரலும் வயிறும் சேர்ந்து உடலை நடத்துகின்றன என்று தெரிந்துவிட்டால், அவை நிற்கும்போது என்ன ஆகும் என்பதைக் குழந்தை தானே கணக்குப் போட்டுவிடும். மூச்சு இல்லை, அதனால் பசி இல்லை, குளிர் இல்லை, வலி இல்லை. நான்கு துண்டுகளும் ஒரே நூலில் கோக்கப்பட்டுவிடுகின்றன.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா ஸ்லாட்டரும் சக ஆய்வாளர் ஒருவரும் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு உடல் உறுப்புகள் என்னென்ன வேலை செய்கின்றன, அவை எப்படி நம்மை உயிரோடு வைத்திருக்கின்றன என்று கற்பித்தார்கள். இதயத்தையும் மூச்சையும் பற்றிய அந்தப் பாடத்துக்குப் பிறகு, மரணம் பற்றிய கேள்விகளுக்கு அந்தக் குழந்தைகள் முன்பைவிடத் தெளிவாகப் பதில் சொன்னார்கள். ஆய்வு வெளியான ஆண்டு 2003.

பயம்? அதையும் ஸ்லாட்டர் விடவில்லை. 4 முதல் 8 வயது வரையான 90 குழந்தைகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மரணத்தை உடல் சார்ந்த நிகழ்வாகத் தெளிவாகப் புரிந்துகொண்ட குழந்தைகளிடம் மரண பயம் குறைவாகவே இருந்தது. வயதையும், பொதுவாகவே பயந்த சுபாவமா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நீடித்தது. ‘புரிந்தால் பயந்துவிடும்’ என்ற நம் அச்சத்துக்கு நேர் எதிரான முடிவு.

ஐஸ் பெட்டிச் சிறுமிக்கு என்ன சொல்லியிருக்கலாம்? ‘தாத்தா இறந்துவிட்டார். அவர் இதயம் நின்றுவிட்டது, மூச்சு நின்றுவிட்டது. அதனால் அவர் உடம்புக்கு இனிக் குளிராது, வலிக்காது, பசிக்காது.’ மூன்றே வாக்கியம். ஐந்து வயதுக்கு இது தாராளமாக எட்டும்.

பூசி மெழுகும் சொற்கள்

‘தூங்குகிறார்’ என்று சொன்னால் குழந்தை தூங்கப் பயப்படலாம். அம்மா மதியம் கண்ணயர்ந்தாலே உலுக்கி எழுப்பலாம். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றால், அப்பா வேலையாக மதுரைக்குக் கிளம்பும்போது காலைக் கட்டிக்கொண்டு அலறலாம். ‘சாமிக்குப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார்’ என்பது இவற்றில் மிக மோசமானது என்பது என் கருத்து. அப்படிப்பட்ட சாமியிடம் தினமும் கைகூப்பி நிற்கச் சொன்னால் எந்தக் குழந்தைக்குத்தான் மனம் வரும்?

காரணம் என்ற நான்காவது துண்டு கடைசியில் வருவதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காரணம் தெரியாத இடத்தில் குழந்தை தன்னையே காரணமாக வைத்துக்கொள்ளும். தான் கோபத்தில் நினைத்ததும் சொன்னதும் நிஜத்தில் பலிக்கும் என்று நம்பும் வயது அது. நம் வீடுகளில் இதற்கு எண்ணெயும் ஊற்றுகிறோம். ‘இப்படிப் படுத்தினால் ஒருநாள் நான் செத்தே போய்விடுவேன்’ என்று எத்தனை அம்மாக்கள், பாட்டிகள் சொல்வதில்லை? சொன்னவர் உண்மையிலேயே இறந்துபோனால், கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்து அந்தக் குழந்தை யாரிடமும் சொல்லாமல் சுமந்து திரியும். அதனால், கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு: நீ செய்தது, சொன்னது, நினைத்தது எதுவும் இதற்குக் காரணம் இல்லை.

நேராகச் சொன்னதற்குப் பெயர்பெற்ற உதாரணம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருக்கிறது. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்துவந்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறொரு நடிகரைப் போட்டிருக்கலாம், பாத்திரம் ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கதை கட்டியிருக்கலாம். தயாரிப்பாளர்கள் உளவியலாளர்களைக் கலந்துகொண்டு, உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பான அந்தப் பகுதியில், பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை தன் நண்பர்கள் எல்லோரையும் படமாக வரைந்து எடுத்துவருகிறது, ஹூப்பருக்கு உரியதை அவர் திரும்பி வந்ததும் கொடுப்பதாகச் சொல்கிறது. அவர் இறந்துவிட்டார், வரமாட்டார் என்று பெரியவர்கள் விளக்குகிறார்கள். ஏன் இப்படி ஆக வேண்டும் என்ற அதன் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை, இருப்பதாக அவர்கள் பாவனை செய்யவும் இல்லை. மீளாமை, வேண்டியவர்கள் கூடவே இருப்பது, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவது: சில நிமிடங்களில் அவ்வளவும் வந்துவிடுகின்றன.

மறைத்தால் தெரியாமல் போகுமா?

போகாது. மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970-களில் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தார். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரையானவர்கள் அவர்கள். நோயின் முடிவு என்ன என்று பெரியவர்கள் யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மருந்துப் பெயர்கள், பக்கவிளைவுகள், நோய் குறைந்து மறுபடி ஏறுவது என்று ஒவ்வொன்றாகக் குழந்தைகள் சேகரித்துக்கொண்டார்கள். அதே நோயுள்ள இன்னொரு குழந்தை இறந்த செய்தி காதில் விழுந்ததும் மீதியையும் புரிந்துகொண்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் நெஞ்சைப் பிசைவது. பெற்றோர் தெரியாததுபோல் நடித்தார்கள். பெற்றோருக்கு வருத்தமாக இருக்கும் என்று குழந்தைகளும் நடித்தார்கள்.

புற்றுநோயால் குழந்தையை இழந்த 429 பெற்றோரிடம் சுவீடனில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசியிருந்தவர்கள் 147 பேர். ஏன் பேசினோம் என்று அவர்களில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாமல் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் வருந்தினார்கள்.

புளூபாண்ட்-லாங்னரின் ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. வயதைவிட அனுபவம் சில நேரம் வேகமாகக் கற்பித்துவிடுகிறது. வீட்டில் ஒரு மரணத்தைப் பார்த்த நான்கு வயதுக் குழந்தைக்கு, பார்க்காத ஏழு வயதுக் குழந்தையைவிட அதிகம் தெரிந்திருக்கலாம்.

அப்படியானால் காகத்துக்கு ஏன் சோறு?

உடல் நின்றுவிட்டது, பசிக்காது என்று விளக்கிய அதே கையோடு அமாவாசையன்று தாத்தாவுக்குப் பிடித்த வடையை வைத்துப் படைக்கிறோம், காகத்தைக் கூப்பிடுகிறோம். ‘பசிக்காது என்று சொன்னாயே?’ என்று குழந்தை மடக்கினால்? பலர் இங்கே தடுமாறுகிறார்கள். தடுமாற வேண்டியதில்லை, ஏனென்றால் மனித மனம் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும்.

ஜெஸ்ஸி பெரிங், டேவிட் பியோர்க்லண்ட் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட சோதனையில், குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். குட்டி எலியை முதலை தின்றுவிடுகிறது. எலி இனிச் சாப்பிட வேண்டுமா, தண்ணீர் குடிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று பல குழந்தைகள் சொல்லிவிட்டார்கள். எலி தன் அம்மாவை நினைக்குமா, அதற்கு அம்மா மேல் ஆசை இருக்குமா என்று கேட்டபோது பதில் மாறியது. உடல் நின்றுவிட்டது என்று ஏற்றாலும், அன்பும் நின்றுவிடும் என்று ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது.

ஸ்பெயினில் பால் ஹாரிஸும் மார்தா ஹிமெனெஸும் 7, 11 வயதுப் பிள்ளைகளுக்கு இறந்த தாத்தா, பாட்டி பற்றிய கதைகளைச் சொன்னார்கள். ஒரு கதையில் மருத்துவர் வந்து செய்தி சொல்கிறார், இன்னொன்றில் பாதிரியார். மருத்துவர் வந்த கதையைக் கேட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது என்ற பதில் அதிகம் வந்தது. பாதிரியார் வந்தபோது மனமும் நினைவும் தொடர்கின்றன என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் சிறுவர்களைவிட மூத்த பிள்ளைகளே அதிகம். மடகாஸ்கரின் மேற்குக் கரையில் வாழும் வெசோ மக்களிடம் ரீட்டா அஸ்தூத்தி ஹாரிஸோடு சேர்ந்து செய்த ஆய்விலும் இதே இரட்டைப் போக்கு. பிணத்தைப் பற்றிய கதை கேட்டால் உடலியல் பேசும் பெரியவர்கள், முன்னோரின் கல்லறையைப் பற்றிய கதை கேட்டால் அவர்கள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்பார்கள். எந்த எண்ணம் முதலில் வருகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை தீரவில்லை. இரண்டும் ஒரே தலைக்குள் குடியிருக்கின்றன என்பதில் சண்டை இல்லை.

எனவே படையலைப் பற்றிக் கேட்கும் குழந்தைக்கு, ‘தாத்தா உடம்பு சாப்பிடாது. நாம் அவரை மறக்கவில்லை என்பதற்காக அவருக்குப் பிடித்ததைச் செய்கிறோம்’ என்று சொல்லலாம். தாத்தா காகமாக வருகிறார் என்று நம்பும் வீடென்றால் அதையும் சொல்லலாம், உடலைப் பற்றிய உண்மையை முதலில் சொன்ன பிறகு. அந்த வரிசை முக்கியம்.

அழுதுவிட்டு விளையாடப் போகும் குழந்தை

அப்பாவைப் பறிகொடுத்த பையன் காலையில் தேம்பித் தேம்பி அழுதான், பதினோரு மணிக்குத் தெருவில் கிரிக்கெட் ஆடினான். ‘பாசமே இல்லை’ என்று முணுமுணுக்கும் உறவினர்கள் எந்த வீட்டிலும் உண்டு. சிறுவர்களால் பெரும் துயரத்தைத் தொடர்ந்து தாங்கிக்கொண்டிருக்க முடியாது. கொஞ்சம் துக்கப்பட்டு, வெளியே போய், மறுபடி வருவார்கள். பாஸ்டன் நகரில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களில் 125 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். பலர் இறந்தவரோடு மனத்தளவில் பேசினார்கள், கனவில் கண்டார்கள், அவருடைய பொருள் ஒன்றைத் தம்மோடு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானித்தது, உயிரோடு இருக்கும் அம்மா அல்லது அப்பா வீட்டை எப்படி நடத்துகிறார் என்பது. வேளைக்குச் சாப்பாடு, பள்ளி, உறங்கும் நேரம் ஆகியவை குலையாத வீடுகள் பிள்ளைகளைத் தாங்கின.

‘நீயும் செத்துப்போவாயா?’

பொதுமை என்ற துண்டு வந்து சேரும் நாளில் இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் இரவில், விளக்கை அணைத்த பிறகு வரும். ‘இல்லவே இல்லை’ என்று சத்தியம் செய்யத்தான் தோன்றும். ஆனால் இறந்துபோன பாட்டியும் ஒருநாள் அப்படித்தான் சொன்னாள் என்பது குழந்தைக்கு நினைவிருக்கும்.

‘எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள். நானும்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் வயதாகி, நீ பெரியவளாகிய பிறகுதான் இறப்பார்கள். நானும் ரொம்ப நாள் இருப்பேன் என்று நினைக்கிறேன்’ என்பது பொய் கலவாத பதில். அநேகக் குழந்தைகளுக்கு இதற்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: அப்போது எனக்குச் சோறு போடுவது யார், பள்ளிக்கு யார் கூட்டிப்போவார்கள்? அதற்கு ஆள் பெயரோடு பதில் சொல்ல வேண்டும். சித்தி இருக்கிறாள், மாமா இருக்கிறார், அத்தை வீட்டில் உனக்குக் கட்டில்கூட இருக்கிறது என்று சொல்லலாம். முன்கூட்டியே அந்தச் சித்தியிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளை மறுநாளே போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளக்கூடும்.